உச்சிவேளைத் தண்ணீர்

கோயம்புத்தூர்,
14 ஜூன் 2025

பெரியண்ணனுக்கு மீனா எழுதுவது.

சின்னண்ணன் முனியராஜை மண்ணில் வைத்த அன்று கிணற்றடியில் நின்று, இனிமேல் உங்களோடு பேச மாட்டேன் என்றேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைப் பார்த்துவிட்டு நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கட்டின பெண்டாட்டியை அவர் குழிமேட்டிலேயே வைத்து, "இந்த எல்லைக்குள்ள இனி நீ கால் வைக்கக் கூடாது" என்று சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. பட்டாசு ஆலையில் வெடித்ததற்குக் கற்பகவல்லி மதினி என்ன செய்வார்? அவரும் அதே ஆலையில் பக்கத்து அறையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் பார்சலில் ஒரு பெட்டி வருகிறது. நம் கிணற்று சோலார் மோட்டாருக்கான புதுக் கன்ட்ரோலர். இதைத்தான் நான் இங்கே மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். பழைய பெட்டி அரிசி மூட்டை அளவு இருக்கும் இல்லையா? இது சாப்பாட்டு டப்பா அளவுதான். பார்த்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

பேனலில் வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி அனுப்புவதுதான் பெட்டியின் வேலை. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் சூடாகி வீணாகப் போகும். நாங்கள் சிலிக்கன் கார்பைடு என்று ஒரு சில்லு போட்டிருக்கிறோம். அது பல மடங்கு வேகமாக வெட்டும், அவ்வளவாகச் சூடாகாது. வேகமாக வெட்டினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருளும் மின்சாரத்தைத் தேக்குகிற கப்பாசிட்டரும் சின்னதாக இருந்தால் போதும். சூடு இல்லாததால் ஃபேன் வேண்டாம். ஃபேன் இல்லாததால் ஓட்டை வேண்டாம். ஓட்டை இல்லாததால் நம்மூர்க் கரிசல் தூசி உள்ளே போகாது. பட்டன் வைத்தால் அதுவும் ஒரு ஓட்டைதான் என்று அதையும் எடுத்துவிட்டேன். மூடியில் பித்தளை வட்டம் ஒன்று இருக்கும். கை வைத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு தடவை வைத்தால் நிற்கும்.

மல்லாங்கிணற்று வெயிலில் தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்று கம்பெனியில் சொல்லி நம் கிணற்றில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். தீபாவளி வரை கோளாறு இல்லாமல் ஓடினால் பெட்டி தயாரிப்புக்குப் போகும். ஓடாவிட்டால் பழைய பெரிய பெட்டிக்கே திரும்பிவிடுவார்கள், என் மூன்று வருடமும் குப்பைக்குப் போகும். உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். கோபத்தைப் பெட்டியிடம் காட்ட வேண்டாம்.

மீனா


மல்லாங்கிணறு,
29 ஜூன் 2025

மீனாவுக்கு அண்ணன் சிவபாண்டி எழுதுவது.

பேச மாட்டேன் என்றவள் ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நான் போன் போட்டால் எடுக்கிறாய். "மீனா" என்று ஒரு வார்த்தை சொன்னதும் வைத்துவிடுகிறாய். அதற்கு எடுக்காமலே இருக்கலாம்.

எலக்ட்ரீசியன் பாண்டிச்செல்வத்தைக் கூட்டிவந்து உன் டப்பாவை மாட்டியாயிற்று. பழைய பெட்டியை இறக்குவதற்கு ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. இதை அவன் ஒரு கையில் ஏந்திக்கொண்டு, "என்ன மாமா, தங்கச்சி மூக்குப்பொடி மட்டை அனுப்பியிருக்கு" என்றான். ஆனால் நன்றாகத்தான் இறைக்கிறது. வெயில் மங்கிய பிறகும் நிற்காமல் ஓடுகிறது. உன் மதினி மாரிச்செல்வியின் பூனைக்குத்தான் கஷ்டம். பழைய பெட்டிமேல் கதகதப்பாகப் படுத்துக் கிடக்கும். இதில் சூடே இல்லை. ஒரு நாள் மோந்து பார்த்துவிட்டுப் போனது, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

கற்பகவல்லியைப் பற்றி எழுதியிருந்தாய். காட்டு வேலை பார்த்துக்கொண்டு கிடந்தவனைத் தாயில்பட்டிக்குக் கூட்டிப்போய் வெடிமருந்து கலக்க வைத்தது யார்? அவள் சொந்த ஊர் அது. அவள் இல்லாவிட்டால் அவனுக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. இதற்குமேல் அதைப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம். போன அமாவாசை அன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்து காட்டுக்குப் போனேன். மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கு நம் பக்கம் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள், உனக்கே தெரியும். காட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடி முனியராஜ் கிடக்கிற மேட்டைச் சுற்றி நின்றது. கை வைத்து நிறுத்திவிட்டு வந்தேன். கோளாறு இல்லாமல் ஓட வேண்டும் என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்,
6 ஜூலை 2025

பெரியண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பயந்துபோய்ப் பெட்டியின் வரைபடத்தை எடுத்து விரித்தேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

வேகமாக வெட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. வெட்டுகிறபோது கிளம்பும் இரைச்சல் பக்கத்துக் கம்பிகளில் ஏறும். நம் காதுக்குக் கேட்கிற இரைச்சல் இல்லை, கம்பிக்குள்ளே ஓடுகிற இரைச்சல். பெரிய பெட்டியில் எல்லாம் தள்ளித் தள்ளி இருந்தது. சின்னதாக்கியதில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த இரைச்சல் பித்தளை வட்டத்தின் கம்பியில் ஏறினால், யாரோ கை வைத்துவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். ஆளே இல்லாமல் ஓட ஆரம்பித்துவிடும். அப்படி இருந்தால் அது என் தப்பு. இங்கே என் மேலதிகாரி பிரீத்தி மேடம் அதையேதான் சொல்கிறார். "பட்டனை எடுக்காதேன்னு அப்பவே சொன்னேன்" என்கிறார்.

அந்தக் கம்பிக்கு உறை போட்டு வேறு சர்க்யூட் கார்டு அனுப்பியிருக்கிறேன். பாண்டிச்செல்வத்தை விட்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றுகிறபோது பேனல் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் இறங்குகிறபோதும் அணைத்துவிட்டு இறங்குங்கள். நீங்கள் அணைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மதினி இப்போது விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை பார்க்கிறாராம். பட்டாசுப் பக்கமே போவதில்லையாம். கேள்விப்பட்டேன். கேட்காததைச் சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள்.

மீனா


மல்லாங்கிணறு,
27 ஜூலை 2025

மீனாவுக்கு,

கார்டு மாற்றிய பிறகு மோட்டார் ஒழுங்காக இருந்தது. நான் கை வைத்தால் ஓடும், வைத்தால் நிற்கும். சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத இருந்தேன். அதற்குள் ஆடி அமாவாசை வந்தது.

அவனுக்குச் சோறு வைக்க வேண்டும் என்று மாரிச்செல்வி காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் இலையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகும்போது உச்சி சாய்ந்துவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெட்டி என்றால் வரப்பில் வரும்போதே உறுமுகிற சத்தம் கேட்கும். இது வாயே திறக்காது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். மேட்டைச் சுற்றிக் குளம் மாதிரி நின்றது. நான் வைத்த இலை நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாரிச்செல்வி அழுதுவிட்டாள். "உங்க தம்பி தாகத்தோட போனாருல்ல. அவரு தவிச்சுக் கெடக்காரு. நமக்குத்தான் தெரியல" என்றாள்.

உனக்கு ஒன்று சொன்னதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகத் தண்ணீர்தான் கேட்டான். வாயில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். "இம்புட்டுத்தானாண்ணே?" என்று கேட்டான். அதுதான் அவன் பேசின கடைசிப் பேச்சு. நம் கிணற்றில் அம்புட்டுத் தண்ணீர் கிடக்கிறது, அவனுக்கு ஒரு பஞ்சு.

உன் கம்பியும் உறையும் எனக்குப் புரியவில்லை, மீனா. அமாவாசைக்கு அமாவாசை, உச்சி வேளையில், அவன் மேட்டுக்குத் தண்ணீர் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்றும் சொல்ல முடியவில்லை. அவன் என்றால் ஓடட்டும், அவன் குடிக்கட்டும்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்,
5 ஆகஸ்ட் 2025

பெரியண்ணனுக்கு,

பஞ்சு விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் அன்று வெளியே வராந்தாவில்தானே நின்றேன். மூன்று நாளாக அந்த வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதுவதில் தவறு இருந்தால் மன்னியுங்கள். இங்கே அதே மாதிரி இன்னொரு பெட்டியைப் பெரிய பெரிய மோட்டார்களுக்கு நடுவில் வைத்து ஓட்டினேன். மழை மாதிரித் தண்ணீர் தெளித்தேன், சூட்டடுப்பில் வைத்தேன். ஒரு தடவைகூட அது தானாக ஓடவில்லை. என்ன செய்தாலும் ஓடவில்லை. பிரீத்தி மேடம், "அங்க தானா ஓடுதுன்னு எழுதியிருக்காங்களே, அதுபோதும். கைவிட்டுடலாம்" என்கிறார். நான் இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

கம்பியில் ஏறுகிற இரைச்சல் எந்த நேரமும் ஏறும். திங்கள்கிழமையும் ஏறும், பௌர்ணமிக்கும் ஏறும். எந்திரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தருவதே அதுதான். கோளாறாக இருந்தால் நான் சரிசெய்வேன். கோளாறு இல்லை என்றால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

வருகிற அமாவாசைக்குக் காலையிலேயே போய் மோட்டார் கொட்டகைக்குள் உட்காருங்கள். உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். எனக்காக இதைச் செய்ய வேண்டும்.

மீனா


மல்லாங்கிணறு,
25 ஆகஸ்ட் 2025

மீனாவுக்கு,

போனேன். ஆனால் கொட்டகை வரை போகவில்லை. வரப்பில் பாதி தூரம்தான் போனேன். அங்கேயே வேம்பின் கீழ் உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையின் பின்சுவர்தான் அங்கிருந்து தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காற்று இல்லை. குழாயில் திடுமென்று தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. "ஏலே முனியராசு" என்று வாய்க்குள்ளேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் போனேன். யாரும் இல்லை. கொட்டகைக்குக் கதவு கிடையாது, உனக்குத் தெரியும். செல்லரித்து விழுந்ததை நான் மாற்றவே இல்லை. வாசல் நிலைக்காலில் உன் டப்பா இருந்தது. அதை உள்ளே பழைய ஸ்டாண்டில்தான் மாட்ட இருந்தோம். சின்னதாக இருக்கிறதே, கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று பாண்டிச்செல்வம் நிலையிலேயே அறைந்துவிட்டான். பித்தளை வட்டத்தில் ஈரம் எதுவும் இல்லை. நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தேன்.

அவன் நீலச் சட்டை ஒன்று உள்ளே ஆணியில் தொங்கும். காட்டு வேலைக்குப் போடுகிறது. தாயில்பட்டிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனான். நான் அதை எடுக்கவே இல்லை. அந்தச் சட்டை நனைந்திருந்தது மீனா. யாரோ துவைத்துப் பிழிந்து உதறிப் போட்ட மாதிரி. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து மண் குழிந்திருந்தது.

இனி நான் அங்கே தனியாகப் போகமாட்டேன். உன் கம்பெனிக்கு என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்,
2 செப்டம்பர் 2025

அண்ணே,

உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் லேபுக்குள் போகிறபோது வாசலில் ஒரு தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல் பட்டாலே சில்லு செத்துவிடும். நாளெல்லாம் தொடுகிறேன், கவனிக்கிறதே இல்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நேற்றும் தொட்டேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சின்னண்ணன் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்று கதவு நாதாங்கியைத் தொடுவார். டிங்கென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம்தான் உள்ளே கால் வைப்பார். மாரிச்செல்வி மதினி, "சாமி கும்புட்டு வாராரு பாரு" என்று கேலி செய்வார். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் தகடு இருக்கும். அதைத் தொடாமல் மருந்து அறைக்குள் போனால் உடம்பிலிருந்து ஒரு பொறி போதும். வருடக்கணக்காகத் தொட்டவர்களுக்குக் கை தானாகப் போகும். எந்த வாசலாக இருந்தாலும் சரி, உலோகத்தைக் கண்டால் போகும்.

நான் பெட்டியைச் சின்னதாக்கினேன். சின்னதாக இருந்ததால் நீங்கள் அதை வாசலுக்குக் கொண்டுவந்தீர்கள். பட்டன் இல்லாமல் பித்தளை வைத்தேன். நம் கொட்டகை வாசல் பட்டாசு அறை வாசல் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போகிற பட்டாசுக்காரர் யாராக இருந்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார். மோட்டார் ஓடும். வெளியே வரும்போது தொடமாட்டார்கள், அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நம் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இருந்தது இரண்டு பேருக்கு. ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

காட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் அமாவாசை மத்தியானம் வருகிறார். நீங்கள் வரக் கூடாது என்றதால். சத்தம் போட்டுவிடாதீர்கள், அண்ணே. முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கோபத்தால் நான் போனை வைக்கவில்லை. உங்கள் குரலும் சின்னண்ணன் குரலும் ஒன்று. ஊரில் எத்தனை பேர் உங்களிடம் அவரென்று நினைத்துப் பேசியிருக்கிறார்கள். "மீனா" என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அவர் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. தாங்க முடியவில்லை, வைத்துவிடுகிறேன். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் சண்டையைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அழுத்துகிற பட்டன் வைத்த புதுப் பெட்டி தனியாக வருகிறது.

மீனா


மல்லாங்கிணறு,
24 செப்டம்பர் 2025

மீனாவுக்கு,

நீ சொன்னது சரிதான்.

புரட்டாசி அமாவாசைக்கு ஓடைப் பக்கத்து உடைமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஓடைக்குள் நடந்தே வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஊர் வழியாக வராமல் அந்த முள்ளுக்குள் வந்திருக்கிறாள். ரொம்ப இளைத்துவிட்டாள். கையில் தூக்குச் சட்டி. கொட்டகை வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். கை தானாகப் போய்ப் பித்தளையில் பட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கால் வைத்தாள். குழாயில் தண்ணீர் விழுந்தது.

நான் கோபமாகத்தான் போயிருந்தேன், பொய் சொல்லமாட்டேன். பிடித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. அவள் சட்டையோடு வெளியே வந்து குழாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இருக்கீகளா? மில்லுல லோடு கூடிப்போச்சு, லேட்டாயிருச்சு. கோவிச்சுக்கிறாதீக."

தண்ணீரோடுதான் பேசினாள். அவன் விடுகிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், மீனா. தான் வந்தால் அவன் தண்ணீர் விடுகிறான் என்று. இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். மேட்டில் கொஞ்சம் ஊற்றினாள். "வேணுங்கிற மட்டும் குடிங்க. இங்கன யாரும் தடுக்க மாட்டாக" என்றாள். ஆஸ்பத்திரியில் அவளும்தானே நின்றாள்.

சட்டையைத் துவைத்தாள். துவைத்துக்கொண்டே கத்திரிச் செடியைப் பார்த்தாள். "உங்க அண்ணன் செடி வாடிக்கெடக்கு பாருங்க. அங்கிட்டும் கொஞ்சம் விடுங்க. பாவம் அவரு, ஒத்த ஆளா என்ன செய்வாரு" என்றாள். என்னைத்தான் சொன்னாள். கால் வைக்கக் கூடாது என்று சொன்ன என்னை.

பிழிந்த சட்டையை இரண்டு கையிலும் ஏந்திப் போய் ஆணியில் மாட்டினாள், அப்போது பித்தளையைத் தொடக் கை ஒழியவில்லை. நான் மரத்தை விட்டு வரவில்லை. அவள் போன பிறகு, தண்ணீரை நிறுத்தவும் மனசு வரவில்லை. கத்திரிக்குத் திருப்பிவிட்டேன்.

உன் புதுப் பெட்டி பிரிக்காமல் வீட்டில் கிடக்கிறது. அதை மாட்டினால் அடுத்த அமாவாசைக்கு அவள் வந்து நிற்பாள், தண்ணீர் வராது. அவன் இரண்டாம் தடவை செத்துப்போவான். நான் என்ன செய்ய? நீ படித்தவள், சொல்.

சிவபாண்டி


கோயம்புத்தூர்,
5 அக்டோபர் 2025

அண்ணே,

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும்போது யாரோ போகிற போக்கில் நிலையில் கை வைத்தால் மோட்டார் ஓடிவிடும். உங்கள் கை எங்கே இருக்கும்? இன்னொருவரையும் பறிகொடுக்க என்னால் முடியாது. அந்தப் பெட்டியை அங்கே விட்டுவைக்க மாட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் நான் இரக்கப்படமாட்டேன்.

பட்டன் வைத்த பெட்டியைக் கம்பெனியில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பட்டனுக்கு ரப்பர் உறை போட்டுத் தூசியை அடைத்துவிட்டேன். அளவு அதேதான், ஒரு விரல்கடை தடிமன் கூடியிருக்கிறது. வாசலில் பித்தளை வைக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. "நல்லவேளை, விக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது" என்கிறார் பிரீத்தி மேடம். எல்லாரும் கை குலுக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. நான் இனிமேல் அவருக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

புதுப் பெட்டி சின்னதுதான் அண்ணே. எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டலாம். பின்சுவரில்கூட மாட்டலாம், கேபிள் எட்டும். பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதன் மூடியை அனுப்பாவிட்டால் நான் கேட்கமாட்டேன்.

தண்ணீரை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை.

மீனா


மல்லாங்கிணறு,
24 அக்டோபர் 2025

மீனாவுக்கு,

இந்த வருடம் நமக்குத் தீபாவளி கிடையாது. ஆனால் ஊர் விடுமா? விடிய விடிய வெடித்தார்கள். மாரிச்செல்வி ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் அமாவாசை. காடெல்லாம் கந்தக வாடை. தெருக் குப்பையில் கிடந்த வெடிக் காகிதம் வரப்பு வரை பறந்து வந்திருந்தது.

பெட்டியை முந்தின வாரமே மாற்றிவிட்டேன். பாண்டிச்செல்வம் பின்சுவரில் மாட்டிக்கொண்டே, "இதென்ன மாமா, சொவத்துக்குப் பின்னாடி போய் அமுக்கணுமா?" என்று கேட்டான். "ஆமாடா, எனக்கு வேலை இல்ல" என்றேன். நிலைக்காலில் உன் பழைய மூடி மட்டும் இருக்கிறது. பித்தளையை விளக்கி வைத்திருந்தேன்.

உச்சிக்கு முன்னாலேயே போய்ப் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டேன். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. முதல் நாள் அம்புட்டு வெடிச் சத்தம், அதையெல்லாம் கேட்டுவிட்டு எப்படி வருவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை உண்டு, அது வழியாகப் பார்த்தேன். கை பித்தளைக்குப் போனது. நான் பட்டனை அமுக்கினேன். தண்ணீர் விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் சட்டையை எடுத்து வந்து நனைத்தாள். அப்புறம், "நேத்து ராத்திரி பூரா காதைப் பொத்திக்கிட்டு இருந்தேங்க" என்றாள். அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே, "உங்க அண்ணன் மனசு எளகணும்னு நீங்களாவது சொல்லுங்க. ஒரு தடவ வாசல் வழியா வந்துட்டுப் போறேன். களவாணி கணக்கா ஓடைக்குள்ள வந்துட்டுப் போக எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் நீ எழுதியது ஞாபகம் வந்தது. என் வாயைத் திறந்தால் அவன் குரல்தான் வரும். அவள் பயந்துவிட்டால்? இல்லை, நம்பிவிட்டால்? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவன் வந்து போகிறான் என்று நான் நடுங்கினேன். இப்போது சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று தண்ணீர் விடுகிற ஆவி நான்தான்.

பேசாமல் இருந்தால் அடுத்த அமாவாசைக்கும் நிற்க வேண்டும். அதற்கடுத்ததற்கும். நான் சாகிற வரை நிற்கலாம், அவளும் ஓடைக்குள்ளேயே வருவாள். வரக் கூடாது என்று சொன்னது இந்தக் குரல்தானே. வா என்றும் இதுதான் சொல்ல வேண்டும்.

"கற்பகவல்லி, வீட்டுக்கு வா" என்றேன்.

சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. ஓடவும் இல்லை. குனிந்தபடியே இருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். என்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யார் பேசியது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் மச்சான்" என்றாள். மச்சான் என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான்.

நான் சுவரைச் சுற்றி வந்தேன். ஊர் வழியாகவே கூட்டிக்கொண்டு போனேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். போகிற வழியில் உன் பெட்டி விஷயத்தை எல்லாம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க மனசு வரவில்லை. கேட்டுக்கொண்டே நடந்தாள். "மீனா செஞ்ச பெட்டியா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "யாரு செஞ்சா என்ன மச்சான், நான் வந்தப்பல்லாம் தண்ணி வந்துச்சுல்ல" என்றாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள். கை நாதாங்கிக்குப் போனது. டிங்கென்று சத்தம் கேட்டது. உள்ளே அடுப்படியில் இருந்த மாரிச்செல்வி, "முனியராசு" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள். வந்து பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழட்டும் என்று நான் திரும்பிக் காட்டுக்கு வந்துவிட்டேன். மோட்டாரை நிறுத்தாமல் வந்திருந்தோம். மேட்டைச் சுற்றித் தண்ணீர் நிறைந்து நின்றது. நான் உடனே நிறுத்தவில்லை.

இனி அமாவாசைக்கு அவள் வீட்டுக்கு வருவாள். நாங்கள் சேர்ந்து காட்டுக்குப் போவோம். பட்டனை அவளே அமுக்குவாள், சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் உள்ளே போகும்போது பித்தளையைத் தொடத்தான் செய்வாள். மூடியைக் கழற்றப் போவதில்லை.

உனக்கும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தால் போன் போடு. எடுத்ததும் "மீனா" என்று மட்டும் சொல்கிறேன். நீ வைத்துவிட்டாலும் பரவாயில்லை. மறுபடி போடு, மறுபடியும் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
சிவபாண்டி